பள்ளம் தேடும் சரக்கு

கீழமருதவெளி,
வலங்கைமான் வழி.
22-1-1990

அன்புத் தம்பி கோவிந்தராசுக்கு,

அக்கா காளியம்மாள் எழுதுவது. நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் மாரியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். நீ மெட்ராஸ் போய்ச் சேர்ந்த சேதிக்கு ஒரு வரி போடக் கூடாதா? கேஸ் லாரி ஓட்டுகிறவனுக்குப் பேனா பிடிக்கக் கை வராதோ?

பொங்கலுக்கு வந்தபோது நீ வாங்கி வந்து மாட்டிக் கொடுத்த ஆட்டோ ஸ்டார்ட்டர் நன்றாக வேலை செய்கிறது. கரண்டு எப்போது வந்தாலும் மோட்டார் தானே எழுந்துகொள்கிறது. மோட்டார் கொட்டகையில் கொசுக்கடியில் படுத்துக்கிடந்த உன் மாமா இப்போது வீட்டில் காலை நீட்டித் தூங்குகிறார். "மச்சான் எனக்கு எடுத்த வேட்டியை விட இது மேல்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நிலத்து வழக்கு அப்படியேதான் இருக்கிறது. உன் மாமாவுடைய அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத நிலம். பண்ணை துரைராசு அதை அரிசி மில்காரனுக்கு விற்கப் பார்க்கிறார். நாம் சாகுபடியே செய்யவில்லை என்று கோர்ட்டில் கூசாமல் சொல்கிறார். நம்மைக் கண்காணிக்க வயலில் காவலுக்கு ஒரு ஆளையும் போட்டிருக்கிறார். யார் தெரியுமா? நம் தெரு இராஜாங்கம்தான். தெருக்காரன் நிலத்துக்கு எதிராகத் தெருக்காரனே கம்பு பிடித்து நிற்கிறான். தெருப் பஞ்சாயத்தில் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். அவன் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, நெருப்பு, தண்ணீர் கொடுக்கக் கூடாது. அவன் பொண்டாட்டி ராமாயி குழாயடியில் எல்லாரும் போன பிறகு வந்து பிடித்துப் போகிறாள். நல்லா வேணும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
காளியம்மாள்

சென்னை,
10-2-1990

அன்பு அக்காவுக்கும் மாமாவுக்கும் கோவிந்தராசு வணக்கம். நான் நலம். நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

பேனா பிடிக்க நேரமில்லை அக்கா. ஒரு லோடு இறக்கினால் அடுத்த லோடு நிற்கிறது. போன முறை நம் டீக்கடையில் நான் அளந்த கேஸ் கதையை மாமா இன்னும் கிண்டல் செய்துகொண்டிருப்பார். கதை இல்லை அக்கா. தொட்டிக்குள் அழுத்தி அடைத்திருக்கும்போது அது தண்ணீராக இருக்கிறது. வெளியே வந்தால் ஒரு குடம் ஒரு களம் நிறைய ஆகிவிடும். புகை மாதிரி மேலே போகும் என்று நினைக்காதீர்கள். காற்றை விடக் கனமானது. பள்ளம் தேடிப் போகிற சரக்கு. நம் ஊரில் விட்டால் வாய்க்கால் பிடித்துக் கடைமடை வரைக்கும் போய் நிற்கும். வெள்ளையாகப் பனி மாதிரி தரையோடு கிடக்கும். அதை மே மாதத்தில் பார்த்தால் பனி என்று நம்பி நிற்காதே, மேட்டுக்கு ஓடு. காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓடு. தீக்குச்சி கிழிக்காதே. சுவிட்சைப் போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. ஒரு பொறி போதும்.

அன்று டீக்கடையில் இதைச் சொன்னபோது இராஜாங்கம் அண்ணன் புளியமரத்தடியில் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது நான்தான் போய்ப் பேசினேன். "சுவிட்சுல கூடவா தம்பி பொறி வரும்?" என்று கேட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது. வயிற்றுக்காகப் போனவரை இப்படி ஒதுக்க வேண்டுமா? கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி,
கோவிந்தராசு

கீழமருதவெளி,
28-4-1990

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள். இங்கு அனைவரும் நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் சாப்பாடு, தூக்கம் எப்படி?

இராஜாங்கத்துக்காக நீ பரிந்து பேசியதை உன் மாமாவிடம் படித்துக் காட்டவில்லை. காட்டினால் உன்னையும் தெருவை விட்டுத் தள்ளிவைப்பார்.

கோர்ட்டில் புதிதாக ஒரு உத்தரவு வாங்கிவிட்டார் பண்ணை. வழக்கு முடிகிற வரை நாம் மோட்டாரைத் தொடக் கூடாதாம். மீறினால் நம் குத்தகைப் பதிவே போய்விடுமாம். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிற நேரம் பார்த்து வாங்கியிருக்கிறார். நாற்று காய்ந்தால் கிராம அதிகாரி தரிசு என்று எழுதுவார், நிலம் போய்விடும் என்று கணக்கு.

நாம் சும்மா விடுவோமா? விடியும் முன்னே போய் ஸ்டார்ட்டர் சுவிட்சை ஆட்டோ பக்கம் தள்ளிவிட்டு வந்துவிடுகிறோம். கரண்டு வந்ததும் அது பாட்டுக்கு ஓடுகிறது. நாற்று பச்சைப் பசேல் என்று நிற்கிறது. மழை ஈரம் என்று அதிகாரி எழுதிக்கொள்கிறார், எந்த மழையோ! காவல்காரன் இராஜாங்கமோ வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். மோட்டார் இரைவது கூடக் காதில் விழாத காவல்காரன்! பண்ணை நல்ல ஆளைப் பிடித்தார் போ. தெருவே அவனைச் சொல்லிச் சிரிக்கிறது.

இதையெல்லாம் மனதோடு வைத்துக்கொள்.

உன் அக்கா

கீழமருதவெளி,
19-5-1990

தம்பி கோவிந்தராசுக்கு,

பேப்பரில் பார்த்துப் பதறியிருப்பாய். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை.

புதன்கிழமை காலை, பெரிய சாலைப் பாலத்தில் வேலை நடப்பதால் இந்தப் பக்கம் திரும்பிய கேஸ் லாரி ஒன்று நம் வளைவு மதகில் கவிழ்ந்துவிட்டது. நீ எழுதியது போலவே வெள்ளையாக, தரையோடு, காய்ந்துகிடந்த வாய்க்கால் வழியாகவே வந்தது. முன்பு ஒரு தடவை மண்ணெண்ணெய் லாரி கவிழ்ந்தபோது தெருவே குடத்தோடு ஓடியதல்லவா? அதே நினைப்பில் நாலு பெண்கள் குடத்தைத் தூக்கிவிட்டார்கள். உன் மாமாதான் தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடி, குடத்தைப் பிடுங்கி எறிந்து, எல்லாரையும் மாரியம்மன் கோயில் திடலுக்கு ஏற்றினார். நீ சொன்ன சொல்தான் எங்களைக் காப்பாற்றியது.

கீழ்க்கோடி வீடுகள் எரிந்துவிட்டன. நாற்றங்கால் கருகிவிட்டது. இராஜாங்கத்துக்குப் பலமான தீக்காயம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வயலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தானாம். அதில்தான் பிடித்துக்கொண்டதாம். அவனே போலீசிடம் சொல்லிவிட்டான் என்கிறார்கள்.

கவலைப்படாதே. நீ வண்டியைப் பார்த்து ஓட்டு.

காளியம்மாள்

சென்னை,
26-5-1990

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வரும் வரை என் உயிர் என்னிடம் இல்லை. மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல். எத்தனை உயிர்!

கேட்கிறேன் என்று கோபிக்காதே. இராஜாங்கம் அண்ணனுக்கு யார் போய்ச் சொன்னது? திடலில் நின்றால் மோட்டார் கொட்டகை தெரியுமே. அப்புறம் பீடி என்கிறாய். சின்ன வயதில் நான் ஒளிந்து பீடி குடித்ததற்கு முதுகில் ஓங்கி ஒன்று வைத்த ஆள் அவர். பீடி நாற்றம் வந்தாலே துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். அவரா பற்றவைத்தார்?

அன்று ஸ்டார்ட்டர் எதில் இருந்தது, ஆட்டோவிலா?

பதில் போடு. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

கோவிந்தராசு

சென்னை,
20-6-1990

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நலம்தானே?

பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டது நினைவிருக்கும்.

கோவிந்தராசு

கீழமருதவெளி,
2-7-1990

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் இருக்கிறோம். சின்னவனுக்கு இருமல், கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வேறு இடத்தில் நாற்று வாங்கி நட்டுவிட்டோம். எரிந்த வீடுகளுக்கு அரசாங்கத்தில் கீற்றும் மூங்கிலும் கொடுத்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

இராஜாங்கம் போன மாதமே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். தெருக் கட்டுப்பாடு எடுக்கப்படவில்லை என்று தூக்க ஆள் வரவில்லை. ராமாயியின் அண்ணன்மார் வந்து எடுத்துப் போனார்கள். "ஊரைக் கொளுத்தினவன் பொண்டாட்டி" என்று அவளைப் பிள்ளைகள் கூடச் சொல்கின்றன. அவள் வீட்டுக் கூரையில் புகை கிளம்பி நான் பார்க்கவில்லை. அவள் அம்மா வீட்டிலிருந்து வருகிற சோறுதான் போலிருக்கிறது.

சப்-கலெக்டர் விசாரணை ஆவணியில் நடக்குமாம். நீ மோட்டார் அது இது என்று எதுவும் எழுத வேண்டாம். கார்டில் எழுதினால் தபால்காரன் முதல் டீக்கடை வரை படிக்கிறார்கள். நிலத்து வழக்கு நமக்குச் சாதகமாகப் போகிறது என்று வக்கீல் சொல்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காளியம்மாள்

சென்னை,
12-7-1990

அக்காவுக்கு,

கார்டு இல்லை, ஒட்டிய கவர்தான். தைரியமாகப் படி.

கன்று கிடாரி என்று எழுதினாய். சின்னவன் இருமலை எழுதினாய். நான் கேட்டதை மட்டும் எழுதவில்லை. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்?

எங்கள் ஷெட்டில் உன் ஊர் சங்கதி பேச்சாகிவிட்டது. "உங்க ஊர்க்காரன்தானேப்பா, கேஸ் மேகத்துக்குள்ள உக்காந்து பீடி பத்தவச்ச புத்திசாலி?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. அப்புறம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்கே என் முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தது. அந்த ஸ்டார்ட்டரை வாங்கி வந்தவன் நான். சுவிட்சில் பொறி வரும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவனும் நான். ஆட்டோவில் கிடக்கிற மோட்டாருக்கு ஆள் கை தேவையில்லை, கரண்டு வந்தால் போதும் என்று உனக்குத் தனியாக ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை.

நீ சொல்லாவிட்டால் விசாரணைக்கு நான் வந்து சொல்வேன். அதற்கு முன் உன் வாயால் கேட்க வேண்டும். திடலில் நின்றபோது அவரைப் பார்த்தீர்களா, இல்லையா?

கோவிந்தராசு

கீழமருதவெளி,
5-8-1990

தம்பி,

பார்த்தோம்.

நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அன்று விடியும் முன்னே ஸ்டார்ட்டரை ஆட்டோவில் தள்ளியது உன் மாமா இல்லை, நான். பெண்பிள்ளை கையில் அரிவாளோடு போனால் புல்லறுக்கப் போகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அதனால் தினமும் நானே போவேன். வேப்பமரத்தடியில் அவன் துண்டை மூடிப் படுத்திருப்பான். கள்ளப் பூனை மாதிரி வந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

திடலில் தெருவே நின்றது. கிராம அதிகாரியும் எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அந்த வெள்ளை எங்கள் வயல் பக்கமாக நகர்ந்தது. "இராஜாங்கம் அங்க இருக்கான்ல?" என்று யாரோ கேட்டார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவனோடு பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கேயும் வந்து நின்றது. உன் மாமா தெருவெல்லாம் கத்திய தொண்டையோடு தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவன் நினைப்பு கூட அப்புறம்தான். முதலில் வந்தது ஸ்டார்ட்டர் நினைப்பு. கரண்டு வருகிற நேரம் அது. மோட்டார் என்று கத்தினால் அதிகாரி காதில் விழும், நிலம் போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இதுதான் உன் அக்கா.

அவன் எழுந்தான். வெள்ளையைப் பார்த்தான். திடலில் எங்களைப் பார்த்தான். எங்கள் பக்கம் ஓடிவருவான் என்று நினைத்தோம். அவன் கொட்டகைக்குள் ஓடினான். "பண்ணைக்காக மோட்டாரக் காப்பாத்த ஓடுறான் பாரு, என்னா விசுவாசம்!" என்றார்கள். சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள் வயல் முழுக்கத் தீ.

உன் கடிதம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று முறத்தில் அரிசியும் பருப்பும் எடுத்துக்கொண்டு ராமாயி வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தைத் தொடவில்லை.

"எதுக்கு வந்த?" என்றாள்.

"பாக்கணும்னு தோணுச்சு" என்றேன்.

"உம் மோட்டாரு ஓடுறது அவருக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெனம் நீ வர்ற காலடிச் சத்தம் கேட்டுத்தான் துண்ட இழுத்து மூடிக்குவாரு. கூலிக்குக் காவ இருக்கேன், அதுக்காக நாத்தச் சாவடிக்க முடியுமாம்பாரு."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

"கரண்டு வந்தா பொறி வரும், தெருவோட போயிரும்னு பியூஸ் கட்டையப் புடுங்கப் போனாராம். கை வைக்கிறதுக்குள்ள வந்துருச்சு. போலீசு கேட்டப்ப பீடின்னு சொன்னாரு. 'ஏன்யா இப்படிச் சொன்னீங்க'ன்னு அழுதேன். உம் புருசன் பேரச் சொல்லித்தான், 'மோட்டாருன்னா ரெத்தினத்துக்கு நெலம் போயிரும்டி, நான் எப்படியும் போறவன்'னாரு."

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. நான் சொல்ல மாட்டேன். உங்கிட்ட மட்டும் ஏன் சொல்றேன்னா, நீ தூங்கக் கூடாது."

தம்பி, நான் தூங்கவில்லை. உன் மாமாவிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் இன்னும் என்னிடம் பேசவில்லை. நிலத்தை விட்டால் பிள்ளைகளுக்கு என்ன வைத்திருக்கிறோம்? சொல்லாவிட்டால் என்ன மூஞ்சியோடு குழாயடிக்குப் போவேன்?

நீ வர வேண்டாம். உன் வேலைக்குக் கேடு வரும்.

காளியம்மாள்

சென்னை,
14-8-1990

அன்பு அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஒரு வாய் சாப்பிடு.

உன்னைத் திட்ட எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அன்று திடலில் நான் இருந்திருந்தால் கத்தியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஷெட்டில் சிரித்தவன் எப்படிச் சொல்லிக்கொள்வது?

"சுவிட்சுல கூடவா தம்பி பொறி வரும்?" என்று கேட்டாரே. அந்தக் குரல்தான் வண்டி ஓட்டும்போதெல்லாம் காதில் கேட்கிறது. எல்லோரும் கேட்டுச் சிரித்த கதையில் அந்தச் சுவிட்சுப் பொறியை அவர் ஒருத்தர்தான் கேள்வி கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார்.

ஸ்டார்ட்டர் வாங்கியது நான் என்றே சொல். என் பெயரை மறைக்காதே. மற்றது உன் கையில்.

கோவிந்தராசு

கீழமருதவெளி,
11-11-1990

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. பிள்ளைகள் நலம். உன் மாமாவுக்குக் கொஞ்சம் முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

மூன்று மாதமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நல்ல சேதியாவது சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

விசாரணையில் சொல்லிவிட்டேன். தாலுகா ஆபீசில் தெருக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். "இராஜாங்கம் பீடி குடிக்கிறவர் இல்லைங்க. மோட்டார ஆட்டோல போட்டது நான். அவரு அத நிறுத்தத்தான் ஓடுனாரு. நாங்க மேட்டுல நின்னு பாத்துக்கிட்டிருந்தோம், கூப்பிடல" என்றேன். சப்-கலெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஏம்மா கூப்பிடல?" என்று கேட்டார். கோர்ட்டு உத்தரவைச் சொன்னேன், கட்டுப்பாட்டைச் சொன்னேன். சொல்லச் சொல்ல இரண்டும் ஒரு காரணமே இல்லை என்று எனக்கே தெரிந்தது. ராமாயி கடைசி பெஞ்சில் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

உன் மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கதவோரம் நின்றிருக்கிறார். நான் உட்காரப் போனபோது முன்னால் வந்து, "அவ சொன்னது நெசங்க. கத்திக்கிட்டு ஓடுனவன் நான். அவன் பேரைச் சொல்லி மட்டும் கத்தல" என்றார். அவ்வளவுதான். சேர்ந்தே வீட்டுக்கு நடந்து வந்தோம்.

நிலம் போய்விட்டது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பண்ணை ஆள் வந்து வரப்பில் கல் நட்டான். எங்கள் ஒரு வீட்டோடு போகவில்லை. இதைக் காட்டியே பண்ணை தெருவில் இன்னும் சிலர் மேல் வழக்கு போட்டிருக்கிறார். தெருப் பஞ்சாயத்து கூடியது. ஊர் ரகசியத்தைத் தாலுகா கச்சேரியில் அவிழ்த்துவிட்டவள் என்று எங்கள் வீட்டுக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். பேச்சு இல்லை, நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை. இப்போது குழாயடிக்கு எல்லோரும் போன பிறகு நான் போகிறேன். உன் மாமா கூத்தாநல்லூர் பக்கம் அப்துல் அஜீஸ் பாய் என்று ஒருவர் கட்டுகிற வீட்டில் மண் சுமக்கிறார்.

நல்ல சேதி என்று சொன்னேனே, அது நேற்றுதான் வந்தது. நல்ல சேதியா என்று நீயே சொல்.

சாயங்காலம் உலை வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. ராமாயி. தெருவே பார்க்கிற நேரம், நடு வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்து, "வா" என்றேன்.

"வத்திப்பெட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். தீப்பிடித்த அன்றிலிருந்து அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை என்று எனக்கும் தெரியும்.

எடுத்து நீட்டினேன். பெட்டி நழுவிக் கீழே விழுந்து குச்சியெல்லாம் சிதறிவிட்டது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். அவள் விரல் கூட என் விரலில் படவில்லை, அவ்வளவு கவனமாகப் பொறுக்கினாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத" என்றாள். "புள்ளைங்க சுடுசோறு கேக்குதுங்க. எங்க வீட்டுல வத்திப்பெட்டி இல்ல."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கூரையில் புகை கிளம்பியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன் தம்பி. என் உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. மறுபடி பற்றவைக்க வீட்டில் குச்சி இல்லை. அவளிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பொங்கலுக்கு வா. வரும்போது அவள் பிள்ளைகளுக்கும் துணி எடுத்து வா. கொடுக்க முடியுமா என்று தெரியாது, ஆனாலும் எடுத்து வா.

அக்கா,
காளியம்மாள்